சாமியார் இல்லாத ஊரில் ஒரு பாவசங்கீர்த்தனம்

கொள்ளைநோய் கப்பலேறி பிரிஸ்டல் துறைமுகத்தில் இறங்கியது என்றார்கள். கிறிஸ்துமஸ் முடிந்த வாரமே எங்கள் பங்குச் சாமியார் போய்ச் சேர்ந்தார். பதிலுக்கு வந்தவர் மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. அப்புறம்தான் சாமியார்களுக்கெல்லாம் தலைவரான ஆயரின் கடிதம் வந்தது: சாமியார் கிடைக்காவிட்டால், சாகிறவர் யாரிடம் வேண்டுமானாலும் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம், பெண்ணிடம்கூட. கேட்டவர் அதை வெளியே விட்டால் அவருக்கு நரகம். பெண்ணிடம்கூடவாம்! இந்த ஊர் ஆண்கள் இருபது வருஷமாக என் பீர்க்கடையில் உளறாத பாவமா?

துணி வியாபாரி ஓஸ்பர்ட் என் கொட்டகையில், வைக்கோல்மேல் கிடந்தான். அக்குளில் முட்டை அளவுக் கட்டி. ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கும் பயம்தான். ஆனாலும் ஒரு மனுஷன் பாவத்தோடு சாகக் கூடாதே என்று மூக்கில் வினிகர்த் துணியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.

“கிட்ட வராதக்கா, அங்கயே நின்னு கேளு,” என்றான். “நான் வெல்ஸ் சந்தையிலருந்து வரல. பிரிஸ்டல்லருந்து வந்தேன்.”

பிரிஸ்டல்காரன் எவனும் நுழையக் கூடாதென்று பாலத்தில் கட்டை போட்டுக் காவல் வைத்திருந்தோம்.

“அடப்பாவி! பொய் சொல்லிட்டா உள்ள வந்த?”

“வேற எங்கக்கா போவேன்? தம்பி அங்க செத்துட்டான். அவன் போத்தியிருந்த கம்பளிய வீச மனசு வரல. ஒரே தெள்ளுப்பூச்சி. உதறிட்டு இங்க வித்துட்டேன்.”

“யார்கிட்டடா?”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். “உம் மக அவீஸ்கிட்ட. நாலு நாளாச்சு. சத்தியமா யார்கிட்டயும் சொல்லிடாதக்கா.”

ஆண்டவர் மன்னிப்பார் என்று அரைகுறையாக முணுமுணுத்துவிட்டு ஓடினேன். ஊர்க்கோடியில் அவள் வீடு. விஷயத்தைச் சொல்லாமல் கம்பளியை எப்படிப் பிடுங்குவது என்றுதான் வழியெல்லாம் யோசனை.

அவீஸ் அதைத்தான் போர்த்திக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்திருந்தாள்.

“அதக் குடுடி, எனக்குக் குளுருது.”

“உனக்கா? பனியில வெறுங்காலோட நிக்கிறவளாச்சே நீ! நல்லாருக்கே கதை.”

இழுத்தேன். சிரித்துக்கொண்டே இறுக்கிப் பிடித்தாள். நரகமாவது மண்ணாங்கட்டியாவது!

“செத்தவன் போத்தினதுடி அது! பிரிஸ்டல்லருந்து வந்தது. ஓஸ்பர்ட் இப்பத்தான் எங்கிட்ட பாவம் சொன்னான்.”

அவள் பிடி தளர்ந்தது. கம்பளியைக் காலால் அடுப்புக்குள் தள்ளினேன். என் பெண் அலறுவாள் என்று நினைத்தேன். அவளோ இடது கையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் முகம் சுளித்தாள்.

“காலையிலருந்தே வலிக்குதும்மா. உனக்கு ஆள் அனுப்பணும்னு நெனச்சிட்டிருந்தேன். சாமியார்தான் இல்லையே. நீயே கேட்டுக்கிறியா?”

மூக்குத் துணியை அவிழ்த்தெறிந்துவிட்டு அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

“இதையும் ஓடிப்போய் யார்கிட்டயாவது சொல்லிடாதே,” என்று கிண்டல் பண்ணப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள்.

என் மகள் சொன்னதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்ல மாட்டேன்.