ஏழாவது துணுக்கில் ஸ்டெல்லாவின் முகம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைக் கதையாக எழுத உட்காரவில்லை. பங்குச்சந்தையை வைத்து வந்த ஒரு படத்தின் இரண்டாம் பாகத்துக்கு, 'படப்பிடிப்பில் நடந்த பத்து சுவாரசியங்கள்' என்று துணுக்கு எழுதித் தரச் சொன்னார்கள். ஆறு துணுக்கு மளமளவென்று வந்துவிட்டது. ஏழாவதில், படத்தில் கூட்டத்தோடு நின்று நடித்த ஸ்டெல்லா வந்து குந்திக்கொண்டாள். எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறாள்.

2.

'மும்பையில் அன்று காலை ஒன்பதே கால் மணிக்கு

(அடித்துவிட்டேன். எந்த மும்பை? மொத்தச் சந்தையும் வில்லியனூருக்குப் பக்கத்தில், மூடிக்கிடந்த தீவனக் குடோனுக்குள் போட்ட செட். புரோக்கர்களாக நின்ற நாற்பது பேரும் ஸ்டெல்லாவின் மாதா கோயில் ஜனங்கள்.)

3.

முதல் பாகத்திலும் அவளுக்கு வேலை இருந்தது. கோட்டு மாட்டிக்கொண்டு மூன்று நாள் நின்றாள். படத்தில் வந்தது முதுகு மட்டும். அன்றிலிருந்து வீட்டுக்காரர் மரியதாஸ், எங்க வூட்டு நடிகையை முதுகைப் பார்த்தால்தான் அடையாளம் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரித்துவைப்பாள். உள்ளுக்குள் எரியும். (நானாகச் சொல்லவில்லை. கேட்டேன். "பின்ன எரியாதா?" என்றாள்.)

இந்தத் தடவை முகமும் உண்டு, வசனமும் உண்டு. சந்தை திறக்கிற மணி அடித்ததும் கேமரா பக்கம் திரும்பி, 'எல்லாத்தையும் வித்துடு' என்று கத்த வேண்டும். ஒரு வாரம் அடுப்படியில் கத்திக் கத்திப் பழகினாள். பால்காரர் பயந்துபோனார்.

செட்டு மணியின் சத்தம் டைரக்டருக்குப் பிடிக்கவில்லை. ஃபாதரிடம் கேட்டு, ஸ்டெல்லா ஊர்க் கோயிலின் மணியையே கொண்டுவந்து கட்டினார்கள். வினை அங்கேதான் பிடித்தது.

மணி அடித்தது. பிறந்ததிலிருந்து தினம் மூன்று வேளை ஜெபத்துக்கு அழைத்த மணி. ஸ்டெல்லா கண்ணை மூடினாள், தலை குனிந்து சிலுவை போட்டாள். பின்னால் முப்பத்தொன்பது புரோக்கர்களும் காதிலிருந்த போனை இறக்கிவிட்டு அப்படியே செய்தார்கள். டைரக்டர் 'கட்' சொல்ல மறந்து நின்றார்.

அடுத்த டேக்கில் ஒழுங்காகக் கத்தினாள். எந்த டேக்கை வைப்பீர்கள் என்று உதவி இயக்குநரிடம் அவள் கேட்டதற்கு, எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்றாராம். போன தடவையும் இதையேதான் சொன்னார்கள்.

4.

முடிவு ஒன்று: காட்சியே வெட்டுப்பட்டுவிட்டது. ஸ்டெல்லா மெல்ல எழுந்து

(வேண்டாம். மனசு வரவில்லை.)

முடிவு இரண்டு: திரை முழுக்க அவள் முகம். விசில் பறக்கிறது. மரியதாஸ் தேம்பித் தேம்பி

(மரியதாஸா? அவராவது, அழுவதாவது!)

5.

நடந்ததையே எழுதிவிடுகிறேன். முதல் நாள் காலைக் காட்சி. மூன்று வரிசை முழுக்க அவள் ஊர்தான். நான் பக்கத்திலேயே இருந்தேன். மரியதாஸின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டெல்லா காத்திருந்தாள். அவ்வளவு ஆசையாக யாரும் திரையைப் பார்த்து நான் கண்டதில்லை.

திரையில் மணி அடித்தது. அதே மணி.

மூன்று வரிசையும் கண்ணை மூடித் தலை குனிந்தது. ஸ்டெல்லாவும்தான். நிமிர்ந்தபோது கதாநாயகன் எங்கேயோ கார் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"வந்தேனா?" என்றாள்.

"நானும் கண்ண மூடிகினேன்டி," என்றார் மரியதாஸ். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேட்னிக்கும் டிக்கெட் எடுப்பது, இந்தவாட்டி ஒருத்தரும் கண்ணை மூடக் கூடாது என்று அங்கேயே முடிவானது.

என்னைக் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் நான் ஸ்டெல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், திரையை இல்லை. எங்களுக்குப் பின்னால், நாலாவது வரிசையில் கண்ணைத் திறந்துவைத்துத் திரையைப் பார்த்திருந்தது இதைப் படிக்கிற நீங்கள்தான். மேட்னி வரைக்கும் அவளுக்குப் பொறுக்காது. இதோ, சீட்டின் மேல் கையூன்றி உங்கள் பக்கம் திரும்பிவிட்டாள்.

"என் மூஞ்சி வந்துச்சா?"

சொல்லுங்கள்.