பதினாலு படி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இரண்டு மாதமாக எதுவும் உறைக்கவில்லை. மனைவி இறந்துபோனது தெரியும். பத்திரங்களில் கையெழுத்துப் போட்டார், வந்தவர்களுக்குக் காபி கொடுத்தார், மறுவாரமே வேலைக்குப் போனார். அழுகை மட்டும் வரவில்லை. கண்ணாடி முன்னால் நின்று முயற்சிகூடச் செய்து பார்த்தார், பாவம்! முகம் சும்மா இருந்தது.

இன்று இரண்டு மணிக்கு நாடகம். டிக்கெட் இரண்டும் அவள் எப்போதோ வாங்கி வைத்தவை. அக்காவின் டிக்கெட்டில் தான் வருவதாகச் சொல்லி அவள் தங்கை பத்தரைக்கே வந்து கதவைத் தட்டிவிட்டாள். மச்சினிக்கு நாடகமெல்லாம் ஒரு சாக்கு. அத்தான் துரும்பாக இளைத்துவிட்டார், ஒரு வேளையாவது வயிறாரச் சாப்பிட வைக்க வேண்டும்.

அரங்கம் இருந்த தெருவில் ஓட்டலுக்குப் பஞ்சமில்லை. முதல் கடைக் கண்ணாடி வழியாகவே எட்டிப் பார்த்துவிட்டு, "நாற்காலிக்குக் கைப்பிடி இல்ல, எழுந்திருக்கக் கஷ்டம்," என்றார் அவர்.

அடுத்ததில் உள்ளேயே போய்த் திரும்பி வந்தார். "பாத்ரூம் கீழ்த்தளத்துல இருக்கு. சரிப்படாது."

"ஏன் அத்தான், சாப்பிட இடம் பாக்குறீங்களா, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களா? பசி உயிர் போகுது!"

மூன்றாவது ஓட்டல் மாடியில் இருந்தது. வெண்ணெயில் முட்டை பொரியும் வாசனை தெரு வரைக்கும் வந்தது. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பதினாலு படி."

"நல்லா இருக்கே கதை! லிஃப்ட் நின்னா பத்து மாடி ஏறுற ஆளு நீங்க. உங்களுக்குப் பதினாலு படி..."

பாதியில் நிறுத்திவிட்டாள். அக்காவின் முட்டி கடைசி ஆறு வருஷமும் மடங்கவில்லை. அத்தான் எங்கே போனாலும் முதலில் படியைத்தான் எண்ணுவார். மச்சினியின் முகம் ஏன் மாறியது என்று அவருக்குப் புரியவில்லை.

"சரி, உங்களுக்கு என்ன சாப்பிடணும்னு இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

யோசித்தார். ஒன்றும் தோன்றவில்லை. "எதுனாலும் சரிம்மா."

"அப்ப மேல வாங்க."

அவள் முன்னால் ஏறினாள், அவர் பின்னால். ஏழாவது படியில், திருப்பத்தில், அவர் கால் தானாக நின்றது. இடது கை கைப்பிடியைப் பிடித்தது. வலது கை பின்பக்கமாக நீண்டு, விரல்களை விரித்தபடி காத்திருந்தது.

"என்ன அத்தான், மூச்சு வாங்குதா?"

"இல்ல. அவ வந்துரட்டும்."

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. கையை மடக்கத் தெரியாமல் அப்படியே நின்றார். மேலிருந்து இறங்கிய ஒரு குடும்பம், அவரை இடிக்காமல் ஒதுங்கிப் போனது.

மச்சினி இறங்கி வந்தாள். அவர் பக்கத்தில், அதே படியில் நின்றாள்.

"வரட்டும் அத்தான்," என்றாள். "நாடகத்துக்கு இன்னும் நேரம் இருக்கு."

அவர் ஏழாவது படியில் உட்கார்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.