மெட்டுக்கு அடியில் இருந்த மெழுகு

துரைசாமி தேனைப் பற்றிப் பேச ஆரம்பித்தது பணி ஓய்வுக்குப் பிறகுதான். அதற்கு முன் முப்பத்து நான்கு வருடம் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கோப்புகளைப் பற்றிப் பேசினார். கேட்பதற்குச் சம்பளம் வாங்கும் ஆட்கள் இருந்தார்கள். ஓய்வு பெற்ற மறுவாரம் லேக் கார்டன்ஸ் வீட்டில் அவர் பேச்சைக் கேட்க மனைவி சுலோசனாவும், வீட்டு வேலைக்கு வரும் வங்காளிப் பெண் மாதவியும் மட்டுமே மிஞ்சினார்கள். இருவருக்கும் வேலை இருந்தது.

அப்போதுதான் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் சுந்தரவனத்துக்கு ஒரு நாள் படகுச் சுற்றுலா போனார்கள். புலி வரவில்லை. தேனீயும் வரவில்லை. ஆனால் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுடன், கையில் ஒரு தேன் பாட்டிலுடன் துரைசாமி நிற்கும் படம் ஒன்று கிடைத்தது. அது போதுமானதாக இருந்தது. ஆறே மாதத்தில் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவர் தேன் நிபுணர். யார் வீட்டுக்குப் போனாலும் அலமாரியில் இருக்கும் தேன் பாட்டிலை இறக்கச் சொல்லி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, ஒரு தீக்குச்சியை அதில் முக்கி உரசிப் பார்த்து, டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல் தலையை ஆட்டுவார். எந்த வீட்டுத் தேனும் அவரிடம் தேறியதில்லை. தேனுக்குப் பிறகு மெழுகு, மகரந்தம், ராயல் ஜெல்லி என்று முன்னேறினார். இருமலுக்கு, மூட்டு வலிக்கு, செருப்புக்கு, தேக்கு மேஜைக்கு, எல்லாவற்றுக்கும் தேனீயிடம் ஏதோ ஒன்று இருந்தது. வரும் தேர்தலில் சங்கத் தலைவராவதற்கும் தேனீயிடம் ஏதோ இருக்கிறது என்று அவர் நம்பினார்.

உண்மையில் அந்த வீட்டுக்குக் காட்டிலிருந்து நேராக வந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அதற்கும் துரைசாமிக்கும் சம்பந்தமில்லை.

மாதவியின் அண்ணன் சுந்தரவனத்தின் கோசாபா பக்கத்திலிருந்து வருடா வருடம் தேனெடுக்கக் காட்டுக்குள் போகிறவன். போன வருடம் சுலோசனாவின் வீணையில் மெழுகு விரிசல் விட்டு, தண்டின் குறுக்கே நிற்கும் பித்தளை மெட்டுகள் ஆட்டம் கண்டிருந்தன. வீணையின் இருபத்து நான்கு மெட்டுகளையும் பிடித்து நிறுத்துவது தேன்மெழுகுதான். கரித்தூள் சேர்த்துக் குழைத்து, தண்டின் மேல் வரம்புபோல் கட்டி, அதில் மெட்டுகளை ஒவ்வொன்றாகச் சுருதி பார்த்துப் பதிப்பார்கள். இதை மாதவியிடம் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள் சுலோசனா. அந்த வைகாசியிலேயே மாதவி ஒரு பழைய கம்சாத் துண்டில் எதையோ கட்டிக்கொண்டு வந்து நின்றாள். சுலோசனாவை அவள் அண்ணி என்ற பொருளில் 'பௌதி' என்றுதான் கூப்பிடுவாள்.

"பௌதி, அண்ணன் கொடுத்தான். வியாபாரிக்குப் போடல. உன் வீணைக்கு."

"எவ்வளவும்மா?"

"பைசா வேண்டாம். வாசிக்கும்போது என்னைக் கூப்பிடு. அவ்வளவுதான்."

ஒன்றரைக் கிலோ இருக்கும். சுலோசனா அதைத் தானே உருக்கி, மல் துணியில் மூன்று முறை வடிகட்டி, எவர்சில்வர் டப்பாவில் ஆறவிட்டாள். மூடியைத் திறந்தால் தேனும் புகையும் ஏதோ ஒரு காட்டுப் பூவும் கலந்த வாசனை வரும். சமையலுக்கு நடுவில் சும்மாவே திறந்து மோந்து பார்ப்பாள்.

சங்கத்தில் அவள் முப்பத்தொரு வருடமாக வாசிக்கிறாள். கடவுள் வாழ்த்து மட்டும். நாலு நிமிடம். அதற்குள் பாதிப் பேர் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இந்தச் சித்திரை விழாவில்தான் முதல்முறையாக முக்கால் மணி நேரம் தனிக் கச்சேரி கொடுத்தார்கள். தோடி வாசிப்பதென்று முடிவு செய்து ஐந்து மாதம் சாதகம் செய்தாள்.

மெட்டு கட்டத் தஞ்சாவூரிலிருந்து நடராஜன் வந்தார். சங்கத்தில் நாலு வீணை இருந்ததால் எல்லாவற்றையும் பவானிபூர் சங்கக் கட்டிடத்தில் வைத்தே செய்வதாக ஏற்பாடு. ரயில் டிக்கெட் துரைசாமி போட்டார். வீணையையும் மெழுகு டப்பாவையும் அவரே டாக்சியில் கொண்டுபோனார். "உனக்கு எதுக்கு இந்த வெயில்ல அலைச்சல்?" என்றார். இந்த அக்கறை சுலோசனாவுக்குப் புதிதாக இருந்தது. புதிது என்பதால் சந்தோஷமாகவும் இருந்தது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் வீணை வீட்டுக்கு வந்தது. வாசித்துப் பார்த்தபோது மேல் ஸ்தாயியில் ஒரு மெட்டு லேசாக நெளிந்தது.

"என்னங்க, இது அசையுதே?"

"புது மெழுகு. செட் ஆகணும்ல? எனக்குத் தெரியாதா?"

அவர் நிபுணர். அவள் வீணையை உறையில் போட்டு வைத்தாள்.

விழா அன்று ஹாலில் ஏசி ஓடவில்லை. மேடையில் நாலு பெரிய விளக்குகள். கடைசி வரிசையில் மாதவி நல்ல புடவை கட்டி உட்கார்ந்திருந்தாள். முன் வரிசை நடுவில் சங்கத்தின் புரவலர், சிறப்பு விருந்தினர் வெங்கடசுப்ரமணியன். தலைவர் பதவிக்கு யார் என்பதை அவர் ஏப்பம் விடும் திசையை வைத்தே சங்கம் தீர்மானிக்கும். அவர் பக்கத்தில் துரைசாமி, மடியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டியுடன்.

வர்ணம் நன்றாகப் போனது. தோடி ஆரம்பித்துப் பத்தாவது நிமிடம், காந்தாரத்தில் கம்பியை இழுத்தபோது விரலோடு சேர்ந்து மெட்டும் வந்தது. கட்டைவிரலால் அதைத் தள்ளி நிறுத்தினாள். அடுத்தது சாய்ந்தது. அதை நிறுத்தும்போது இன்னும் இரண்டு. தோடி எங்கோ போய் வேறு ஏதோ ஒன்று வந்தது; அதற்கு எந்த சாஸ்திரத்திலும் பெயர் இல்லை. மிருதங்கக்காரர் கீழே குனிந்துகொண்டார். சுலோசனா வீணையை மடியிலிருந்து இறக்கிக் கைகூப்பினாள். கடவுள் வாழ்த்துக்குக் கிடைத்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கை தட்டினார்கள். பரிதாபத்துக்குச் சத்தம் அதிகம்.

"வெயிலின் காரணமாகக் கச்சேரி இத்துடன்…" என்று செயலாளர் மைக்கில் சொன்னார். அடுத்து துரைசாமியின் சொற்பொழிவு: 'தேனீ: ஓர் உலகளாவிய பார்வை'.

மேடைக்குப் பின்னால் துரைசாமி அவசரமாக வந்தார். அட்டைப்பெட்டியிலிருந்து சின்ன வட்டத் தகர டப்பி ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். உதட்டுக்கும் பாத வெடிப்புக்கும் போடும் களிம்பு. மூடியில் லைஃப் ஜாக்கெட்டோடு அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "நூத்தி இருபது பேருக்கும் கொடுக்கறோம். புரவலருக்கு மட்டும் பெரிய சைஸ்."

அவள் திறந்தாள். தேனும் புகையும் காட்டுப் பூவும்.

வீணைப் பக்கம் திரும்பி, சாய்ந்து கிடந்த மெட்டுக்கு அடியிலிருந்து நகத்தால் ஒரு துணுக்கைச் சுரண்டி மோந்து பார்த்தாள். பவர்கட்டில் ஏற்றும் மெழுகுவர்த்தி வாசனை.

"என் மெழுகு இது."

"சுலோ, இப்ப வேண்டாம். என் பேரைக் கூப்பிடறாங்க."

"அஞ்சு மாசம் வாசிச்சேங்க."

துரைசாமி குரலைத் தாழ்த்தி, கோப்பு ஒன்றை விளக்குவதுபோல் விளக்கினார். "யோசிச்சுப் பாரு. கரியைப் போட்டுக் குழைச்சு, கறுப்பா, மெட்டுக்கு அடியில ஒளிஞ்சு கிடக்கப் போற சாமான். அதை யார் பாக்கப் போறா? இது நாலு பேர் கைக்குப் போறது. நம்ம குடும்பத்துக்குத்தானே மரியாதை?"

அதற்குள் இரண்டாம் முறை அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

சுலோசனா கையில் மெட்டுடன் வந்து பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தாள். வரிசை வரிசையாக டப்பிகள் கை மாறின; திரையில் படங்கள் ஓடின. தேனீயின் நடனம், தேனீயின் ஒழுக்கம், தேனீயின் தன்னலமின்மை. ஏழாவது படத்தில் 'மெழுகின் பயன்கள்' என்ற தலைப்புக்குக் கீழே அவளுடைய வீணை இருந்தது. "நமது பாரம்பரிய இசையே தேனீயின் மேல்தான் நிற்கிறது!" என்றார் துரைசாமி. சற்று முன் எது நின்றது என்பதை எல்லாரும் பார்த்திருந்தும் கை தட்டினார்கள்.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

சுலோசனா கையைத் தூக்கினாள். ஹாலில் சிரிப்பு. "வீட்டுல கேக்க விடமாட்டாரோ?" என்று யாரோ கத்தினார்கள்.

"நல்ல மெழுகை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்றாள்.

துரைசாமி ஒரு கணம் தயங்கினார். ஆனால் கையில் மைக் இருந்தது. அவருக்குத் தெரிந்த விடையும் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது. "விரல்ல வச்சு நசுக்கணும். அசல்னா இளகி ஒட்டும், தேன் மணக்கும். போலின்னா பொடியா உதிரும்."

அவள் எழுந்து போய், மெழுகு ஒட்டியிருந்த மெட்டை வெங்கடசுப்ரமணியன் உள்ளங்கையில் வைத்தாள். அவர் நசுக்கினார், மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னம்மா இது, பொடிப்பொடியா உதிர்றது! மெழுகுவர்த்தின்னா இது? அந்தத் தஞ்சாவூர்க்காரன் நன்னா ஏமாத்திட்டான் உங்களை. துரைசாமி, நீர் நிபுணர். உம்மையே ஏமாத்திட்டானே!"

ஹாலே துரைசாமியைப் பார்த்தது. சுலோசனாவும் பார்த்தாள். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவரிடம் இவ்வளவு கவனமாக அவள் எதையும் எதிர்பார்த்ததில்லை.

துரைசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நம்பிட்டேன் சார்," என்றார், தழுதழுத்த குரலில். "கலைஞன்னு நம்பிட்டேன்."

த்சோ, த்சோ என்று ஒரு அலை ஹால் முழுவதும் போனது.

"நடராஜன் மேல பழி போடாதீங்க," என்றாள் சுலோசனா. மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. "நல்ல மெழுகு உங்க எல்லார் கையிலயும் இருக்கு. அது என் வீணைக்கு வந்த மெழுகு. இவர் அதை எடுத்து டப்பியில அடைச்சிட்டார்."

துரைசாமி ஹோ என்று சிரித்தார். "பாத்தீங்களா? வீட்டுலயும் இதே நகைச்சுவைதான்! நான் எப்படிச் சமாளிக்கறேன்னு நினைக்கிறீங்க?" ஹால் வெடித்துச் சிரித்தது. வெங்கடசுப்ரமணியன் தம் பெரிய டப்பியைத் திறந்து, ஆள்காட்டி விரலால் எடுத்து உதட்டில் தடவியபடியே, "இந்த மாதிரி பெருந்தன்மை உள்ளவாதான் சங்கத்துக்குத் தலைவரா வரணும்" என்று அறிவித்தார்.

சாப்பாட்டு வரிசை ஆரம்பித்தது. வீணையின் ஒரு முனையை மாதவியும் மறு முனையை சுலோசனாவும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். தமிழில் நடந்தது எதுவும் மாதவிக்குப் புரியவில்லை. "சூட்டுல கெட்டுப்போச்சா, பௌதி? அடுத்த தடவை நல்லா வரும்," என்றாள். சுலோசனா கையிலிருந்த டப்பியைத் திறந்து அவளிடம் நீட்டினாள். மாதவி மோந்து பார்த்தாள். மூடியைத் திருப்பி அதிலிருந்த முகத்தைப் பார்த்தாள். டப்பியை மூடி சுலோசனாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

டாக்சி வருவதற்குள் சுலோசனா நடராஜனுக்கு ஃபோன் போட்டாள். வேறு யாரோ சொல்லித் தெரிவதற்கு முன்னால் தானே சொல்லிவிடலாம் என்று.

"உங்க பேரைக் கெடுக்கப் பாத்தாங்க நடராஜன். நான் எழுந்து சொல்லிட்டேன், உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு."

மறுமுனையில் நடராஜன் தொண்டையைச் செருமினார்.

"அம்மா… உருக்கும்போதே தெரிஞ்சிருச்சும்மா. சார்ட்ட சொன்னேன். 'அம்மாகிட்ட சொல்லாத, வெளியில தெரியாதுல்ல'ன்னாங்க. டிக்கெட் போட்டுக் கூப்பிட்டவங்க. நான் எப்படிம்மா…"

பவானிபூர்ச் சாலையில் ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே போனது. அது போய் முடியும்வரை சுலோசனா காத்திருந்தாள்.

"அடுத்த மாசம் வாங்க. மெழுகு நீங்களே கொண்டு வாங்க. டிக்கெட் நான் போடறேன்," என்றாள். "அப்பவாவது இது யார் வீணைன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும்ல?"