நாத்தனார் முடிச்சுக்கு வாங்கிய கையுறை

தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவது. மீதி இரண்டும் நாத்தனார் கையால் விழ வேண்டும். நவநீதனுக்குக் கூடப்பிறந்த அக்கா தங்கை கிடையாது. இருப்பவள் பெரியப்பா மகள் செல்வகுமாரி ஒருத்திதான். அப்பனையும் ஆத்தாளையும் பறிகொடுத்துவிட்டுச் சின்ன வயதிலேயே சுத்துக்கேணியில் சித்தப்பா வீட்டுக்கு வந்தவள், நாற்பதை நெருங்கியும் அங்கேயேதான் இருக்கிறாள். அவள் அப்பன் பங்கு கரும்புக்கொல்லை சித்தப்பா கொல்லையோடு கலந்து எங்கே போயிற்றென்று யாரும் பேசுவதில்லை. அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க அந்த வீட்டில் ஒருவருக்கும் நேரம் வாய்க்கவில்லை. அவளிடம் வேலை வாங்க மட்டும் எல்லோருக்கும் நேரம் இருந்தது.

நவநீதனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். தன் கழுத்தில் ஏறாத தாலியைத் தம்பி பெண்டாட்டி கழுத்திலாவது ஒரு தரம் தொட்டு முடிந்துவிட வேண்டும். அவள் வாழ்க்கையில் கேட்டது அவ்வளவுதான்.

“இன்னாடி கை இது?” என்றாள் நவநீதனைப் பெற்ற சித்தி விஜயகுமாரி. “முள்ளு கீறி, வெடிச்சு, பாக்கவே கொமட்டுது. முடிச்சு போடும்போது வீடியோக்காரன் கையத்தான் கிட்ட காட்டுவான். கை ஆறுனா நீ போடு. இல்லன்னா எங்க அக்கா பொண்ணு மஞ்சுளா கீறா.”

அதே வாய்தான், கல்யாணச் சமையலுக்கு வரப்பில் வெட்டிப்போட்ட வேலிகாத்தான் முள்விறகு முழுவதையும் செல்வகுமாரியே அடுக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தது. கையும் ஆற வேண்டும், விறகும் சேர வேண்டும். மகராசி கேட்டதில் குறையே இல்லை.

செல்வகுமாரி வறட்டி விற்ற காசை முந்தானையில் முடிந்துகொண்டு வில்லியனூருக்குப் பஸ் ஏறினாள். பையில் காகிதத்தில் சுற்றி வேலிகாத்தான் குச்சி ஒன்றும் இருந்தது. ஹார்டுவேர் கடை சுப்புராயன் முதலில் எடுத்துப் போட்டது நூல் கையுறை. முள்ளை வைத்து அழுத்தினாள். மறுபக்கம் வந்து எட்டிப் பார்த்தது.

“இது பூப்பறிக்கத்தாங்க ஆவும்” என்று தள்ளி வைத்தாள்.

அடுத்து உள்ளங்கையில் ரப்பர் பூசியது. நேராகக் குத்தினால் தாங்கியது. விரல் இடுக்கில் வெறும் துணிதான், சட்டென்று உள்ளே இறங்கியது. கடைசியில் பரண்மேலிருந்து தூசி தட்டி இறக்கினார், வெல்டிங் வேலைக்காரர்கள் போடும் தோல் கையுறை. முழங்கை வரை வந்தது. உள்ளே துணி வைத்து இரட்டைத் தையல் போட்டிருந்தார்கள். செல்வகுமாரி பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். முள் முனைதான் ஒடிந்தது.

“இது ஆம்பள சைஸும்மா. வூட்டுக்காரருக்கா?”

“எனக்குத்தாங்க. பெருசா இருந்தாலும் பரவால்ல. என் தம்பிக்குக் கல்யாணம்.”

கையுறைக்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சுப்புராயனுக்கு விளங்கவில்லை. அவள் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு கேட்கவும் இல்லை.

கையுறை சொன்ன வேலையைச் செய்தது. தலையில் துண்டு, சித்தப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, முழங்கை வரை தோல். முள் அவளை அண்டவே முடியவில்லை. ராத்திரியில் தேங்காயெண்ணெய் தடவித் தடவி வெடிப்பு மூடியது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள், பாவி.

பெண் வீட்டார் கை நனைக்க வரும் நாள் வந்தது. அவர்கள் சாப்பிட்டு எழுந்தால் சம்பந்தம் உறுதி. பாகூரிலிருந்து மத்தியானம்தான் வருவார்கள் என்று சித்தி சொல்லியிருந்தாள். ராகுகாலத்துக்கு முந்திக்கொண்டு காலையிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். செல்வகுமாரி குளித்துச் சேலை மாற்றக்கூட நேரமில்லை. விறகுக் குவியலுக்குப் பக்கத்தில், இரண்டு கையிலும் கையுறையோடு நின்றாள்.

பெண்ணின் அம்மா அமிர்தம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நவநீதன் பக்கம் திரும்பி முகம் மலர்ந்தாள்.

“பரவால்லியே மாப்ள! வெறவு அடுக்குற ஆளுக்குக்கூட கிளவுஸு வாங்கிக் குடுத்திருக்கீங்க. எம் பொண்ணு நல்ல வூட்லதான் வந்து வாழப்போறா.”

நவநீதன் ஒரு கணம் செல்வகுமாரியைப் பார்த்தான். புகழ்ச்சி நன்றாகத்தான் இருந்தது அவனுக்கு.

“ஆமாங்க அத்தை. வேலை செய்றவங்க சேஃப்டிய நாமதானே பாக்கணும்” என்றான்.

சித்தி திருத்துவாள் என்று காத்திருந்தாள் செல்வகுமாரி.

“இன்னா செல்வி நின்னுகினு கீற? பின்னால போயி வேலையப் பாரு” என்றாள் சித்தி.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை இரட்டைத் தையலோடு பார்த்து வாங்கி வந்திருந்தாள் அவள்.

எல்லோரும் போன பிறகு நவநீதன் விறகுக் கொட்டகைக்கு வந்தான்.

“வாய் தவறி வந்துட்ச்சிக்கா. இனிமே அக்கான்னு சொன்னா என்னப் பத்தி இன்னா நெனப்பாங்க? கல்யாணம் முடியட்டும், மெதுவா சொல்லிக்கலாம்.”

“முடிச்சு?”

“மஞ்சுளா போடட்டும்.”

அப்படியும் அவளுக்குப் புத்தி வரவில்லை. வளர்த்த பிள்ளை, கடைசி நேரத்திலாவது கூப்பிடுவான் என்று கல்யாணத்துக்கு முந்தின நாள் மருதாணி அரைத்துக் கையில் வைத்துக்கொண்டாள். விடிந்ததும் வீட்டு வாசல் பந்தலில் மேளம் கொட்டி முழங்கியது. கொல்லைப்புறத்து அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே கேட்டாள். யாரும் கூப்பிடவில்லை.

விருந்துக்கு முன்னால் புதுப்பெண் தீபிகா, மாப்பிள்ளை வீட்டு வேலையாட்களுக்குத் துணி கொடுக்கத் தட்டோடு பின்பக்கம் வந்தாள். கூடவே நவநீதனும் வந்தான். செல்வகுமாரி கையுறையைக் கழற்றிவிட்டு இரு கையாலும் சேலையை வாங்கினாள்.

“அய்யோ, இன்னா அழகா செவந்துகீது!” தீபிகா அந்தக் கையை ஆசையாகப் பிடித்துக்கொண்டாள். “எனக்கே இவ்ளோ செவக்கல. இப்டி செவந்தா வூட்டுக்காரரு உசுரா இருப்பாருன்னு சொல்வாங்க. உங்க வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?”

செல்வகுமாரி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். நவநீதன் முகத்தில் வேர்த்தது. தீபிகா நல்ல பெண்தான், அவள்மேல் குற்றமில்லை. மாலை சரிய அவள் குனிந்தபோது பின்கழுத்தில் மஞ்சள் கயிறு தெரிந்தது. நகப்பூச்சு கெடாமல் மஞ்சுளா போட்ட முடிச்சு, இப்போதே தளர்ந்திருந்தது.

“முடிச்சு லூசா கீதும்மா. இறுக்கட்டுமா?” என்று கேட்டாள் செல்வகுமாரி.

“இறுக்குங்கக்கா” என்று தீபிகா முதுகைத் திருப்பினாள்.

செல்வகுமாரியின் விரல் கயிற்றைத் தொடப் போகும் நேரம், நவநீதன் நடுவில் கையை நீட்டித் தடுத்தான்.

“வேலைக்காரங்கள்லாம் தாலியத் தொடக்கூடாது, தீபி. மஞ்சுளா பாத்துப்பா. நீ வேலையப் பாரு, செல்வி.”

அக்கா என்பது அவன் வாயிலிருந்து போயே போய்விட்டது. இருவரும் பந்தலுக்குத் திரும்பினார்கள். பந்தி தொடங்கியது.

செல்வகுமாரி கையுறை இரண்டையும் எடுத்து அடுப்புக்குள் போட்டாள். தோல் சுருங்கிக் கருகியது. அந்த நாற்றம் பந்தியில் உட்கார்ந்தவர்கள் மூக்குவரை போனது. இலைமுன் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள். நவநீதன் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

“இன்னா நாத்தம் இது? இன்னாத்தப் போட்டுக் கொளுத்துற?”

“ஒண்ணுமில்லீங்க மொதலாளி” என்றாள் அவள். “நீங்க வாங்கிக் குடுத்த கிளவுஸுதான்.”

சொல்லிவிட்டு, வேலிகாத்தான் கட்டையை வெறுங்கையால் எடுத்து அடுப்பில் வைத்தாள்.