வீடு யார் பேரில்?

கடவுச்சொல்லை அடித்தாள். திரை கறுத்தது. ஒரு மூச்சு விடும் நேரம்தான். மறுபடி அதே நீலத் திரை, அதே காலிக் கட்டம். உள்ளே இழுத்துக்கொள்வதுபோல் பாவனை காட்டி, வாசலுக்கே தள்ளிவிட்டது கணினி.

"தப்பா அடிக்கிறியோ என்னவோ" என்றார் மாமியார், பட்டாணி உரித்தபடி.

"தப்பா அடிச்சா தப்புன்னு சொல்லும், அத்தை. இது சரின்னு சொல்லிட்டுத் துரத்துது."

"வாங்கன்னு கூப்பிட்டு வாசல்லயே நிக்க வைக்குதா? என் ஓர்ப்படிகிட்ட பாடம் படிச்சிருக்கும்."

வேறொரு நாளாக இருந்தால் மருமகள் சிரித்திருப்பாள். இன்று பகல் பன்னிரண்டுக்குள் அவள் வரைந்த நாரைப் படம் போய்ச் சேர வேண்டும். பறவைக் களஞ்சியம் ஒன்று போடப்போகும் பதிப்பகம், வந்த ஓவியர்களைச் சலித்துச் சலித்து இருவரை மட்டும் கடைசிச் சுற்றில் நிறுத்தியிருந்தது. ஆளுக்கொரு படம். ஜெயிப்பவருக்கு முழுப் புத்தகமும். அப்படி ஒரு புத்தகத்துக்காகத்தான் இத்தனை வருடம் சோப்பு அட்டைப்பெட்டிக்குப் பூ வரைந்துகொண்டிருந்தாள்.

நாரை தயார். ஆனால் அடுக்கடுக்காக வரைந்த படத்தை இந்தக் கணினியில் திறந்து, ஒன்றாக்கி அனுப்ப வேண்டும். பழைய மென்பொருள் நேற்று படுத்துவிட்டதால் தானே புதிதாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, சேமித்து வைத்திருந்ததையெல்லாம் உள்ளே கொட்டியிருந்தாள். வந்தது வினை.

லினக்ஸ் உதவிக் குழுவில், கைப்பேசியிலிருந்து நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் எழுதினாள்: பறவைப் புத்தகம், கடைசிச் சுற்று, பன்னிரண்டு மணி. 'மரங்கொத்தி' என்ற புனைபெயரில் ஒருவர் எண் கேட்டார். கொடுத்த கையோடு அழைப்பு வந்தது. பெண் குரல்.

"பதறாதீங்க. கன்ட்ரோல், ஆல்ட், எஃப் மூணு. மூணையும் சேர்த்து அமுக்குங்க."

திரை முழுக்கக் கறுப்பு. ஓரத்தில் வெள்ளை எழுத்து.

"இது பின்வாசல். பேரும் கடவுச்சொல்லும் குடுங்க."

கொடுத்தாள். மறுபேச்சில்லாமல் உள்ளே விட்டது.

"அப்ப கடவுச்சொல் மேல குத்தமில்ல. நேத்து பழசையெல்லாம் எப்படித் திரும்ப வெச்சீங்க?"

"புதுசா இருந்த காலிக் கோப்புறையைத் தூக்கிட்டு பழசை அப்படியே வெச்சேன். அனுமதி இல்லன்னுச்சு. முன்னாடி சூடோ சேர்த்தேன், கேட்டுக்கிச்சு."

சூடோ என்பது அதிகாரியின் குரலில் ஆணையிட வைக்கும் சொல்.

"எத்தனை தடவை சேர்த்தீங்க?"

"உப்புப் போடற மாதிரி எல்லாத்துலயும் போட்டேன்."

மறுமுனையில் சிரிப்பு. "லினக்ஸ்ல உங்க கோப்புகள் இருக்கற இடத்துக்கு வீடுன்னுதான் பேர். அது யார் பேர்ல இருக்குன்னு பார்ப்போம்."

அவள் சொன்ன எழுத்துகளை மருமகள் ஒவ்வொன்றாக அடித்தாள். வரி ஒன்று வந்தது.

"ரூட், ரூட்னு இருக்கு."

"அதான். அது அதிகாரியோட பேர். குடியிருக்கிறது நீங்க, பத்திரம் அவர் பேர்ல. உள்ள வந்து ஒரு ஆணி அடிக்கக்கூட உங்களுக்கு உரிமையில்ல. அதான் வெளிய தள்ளுது."

மாமியார் பட்டாணியை வைத்துவிட்டு எழுந்தே விட்டார். "வீடு யார் பேர்ல இருக்காம்?"

"ரூட் பேர்ல, அத்தை."

"யாரது? உன் மாமனார் எனக்குத் தெரியாம ஒரு பங்காளியை வெச்சிருந்தாரா?"

"உங்க அத்தை பேசட்டும், எனக்குப் பிடிச்சிருக்கு" என்றது கைப்பேசி. "இப்ப பத்திரத்தை மாத்தணும். நான் சொல்றதை அடிங்க. என்டர் மட்டும் தட்டாதீங்க, முதல்ல படிச்சுக் காட்டுங்க."

அடித்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. படித்தாள். "...சாய்கோடு, இடைவெளி, ஹோம்..."

"கையை எடுங்க."

எடுத்தாள்.

"சாய்கோட்டுக்கு அப்புறம் இடைவெளி விட்டா வீடு மட்டுமில்ல, ஊரையே உங்க பேருக்கு எழுதின மாதிரி. அப்புறம் அந்தக் கணினியை மொத்தமா அழிச்சுத்தான் எழுப்பணும்."

இடைவெளியை அழித்து மறுபடி படித்தாள். "இப்ப தட்டுங்க" என்றது குரல். தட்டினாள். முன்வாசலுக்கு வந்து கடவுச்சொல்லைக் கொடுத்தாள்.

கறுப்பு. ஒரு மூச்சு. இரண்டாவது மூச்சு.

திறந்தது. ஒற்றைக்காலில் நின்றபடி நாரை அவளுக்காகக் காத்திருந்தது. அடுக்குகளை ஒன்றாக்கினாள், அனுப்பினாள். 'பெற்றுக்கொண்டோம்' என்று பதில் வந்தபோது கடிகார முட்கள் இன்னும் ஒன்று சேரவில்லை.

"போயிடுச்சு" என்றாள். "முன்னப்பின்ன தெரியாதவளுக்கு இவ்வளவு நேரம்... எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைங்க."

"யார் பெத்த பொண்ணோ, அது கை நல்லா இருக்கணும்" என்றார் மாமியார், கைப்பேசிக்கே கேட்கும்படி.

"அந்த வாழ்த்து போதும். கதவு திறக்காம ஒருத்தர் தோத்தாங்கன்னா, அதுல ஜெயிச்சவங்களுக்கும் தூக்கம் வராது."

மருமகளுக்கு அது சட்டென்று பிடிபடவில்லை. "மரங்கொத்தின்னு ஏன் பேர் வெச்சுக்கிட்டீங்க?"

"முதல்முதலா அச்சுல வந்த என் படம் அது."

"நீங்களும் வரைவீங்களா? அப்ப இந்தப் பறவைப் புத்தகத்துக்கு நீங்களும் அனுப்பியிருக்கலாமே."



"நேத்தே அனுப்பிட்டேன்" என்றாள் மரங்கொத்தி. "கடைசியா நின்ன ரெண்டு பேர்ல இன்னொருத்தி நான்தான்."