ஆறு நலம் விசாரிப்புகள்

மேலப்பாளையூரில் ஒருவரை ஆங்கிலத்தில் நலம் விசாரித்தால், அந்தக் கேள்வி அவர் பின்னாலேயே வீடுவரை வரும். வாசலில் நின்று பதிலை வாங்கிக்கொண்டு போய்விடும். தமிழ்க் கேள்விகளுக்கு அவ்வளவு நடை கிடையாது. ஒரு "ம்" போதும், பாதித் தெருவிலேயே திரும்பிவிடும்.

கோமளவல்லி பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். புதிதாக வந்த முதல்வர் அம்மா திங்கட்கிழமைதோறும் அவள் மேசையைக் கடக்கையில், நடையை நிறுத்தாமல், "ஹவ் ஆர் யூ?" என்பார். அன்று மாலை ஒரு கேள்வி கைப்பையுடன் அவளோடு பேருந்தில் ஏறும். நடத்துநர் அதற்கு அரை டிக்கெட் கிழிப்பார்.

ஆறு திங்கட்கிழமைகள் கழிந்தன. வந்த ஆறும் போகவில்லை. கட்டிலில் மூன்று, நாற்காலிகளில் இரண்டு, தையல் மிஷின்மேல் ஒன்று. சாதுவானவை. ரசம் அவற்றுக்குப் பிடித்துப்போயிருந்தது. கோமளவல்லி சமையலறைத் தரையில் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுச் சொந்தக்காரர் சவரிமுத்து வந்து எண்ணிப் பார்த்தார். ஆறுவரை விருந்தாளிக் கணக்கு, ஏழாவது வந்து தங்கினால் வீடு கேள்விகளின் குடித்தனமாகிவிடும், அவள்தான் காலி செய்ய வேண்டியிருக்கும், நகராட்சி விதி அப்படி என்று சங்கடத்தோடு சொன்னார். பதினெட்டு வருட வீடு. அவள் கணவர் தணிகாசலத்தின் கடைசி மூச்சும் அங்கேதான் போயிற்று. மறுநாள் திங்கட்கிழமை.

தன் பதிலில்தான் ஏதோ பிழை என்று அவள் ஆங்கிலப் பேச்சு வகுப்புக்கு ஓடினாள். ரெஜினா மிஸ் அவளை நாற்பது தடவை சொல்லவைத்துக் கேட்டார்.

"உங்க 'ஃபைன், தேங்க் யூ' சுத்தமா இருக்கு மேடம். இதுக்கு மேல ஒரு கேள்வி நிக்குதுன்னா அதுக்கு வேற வேலை இல்லைன்னு அர்த்தம்."

மத்தியானம் சோறு பரிமாறிவிட்டு ஆறு பேருக்கும் வரிசையாக மறுபடி சொன்னாள். தலையாட்டின. இரண்டாம் முறை ரசம் கேட்டன. விருந்தாளியிடம் கேட்கக் கூடாததைக் காது சுட அவள் கேட்டாள்: எதற்காகத் தங்கியிருக்கிறீர்கள்?

ஆறு வாரத்தில் மூத்த கேள்விக்குத் தமிழ் நன்றாக வந்திருந்தது.

"நீங்கதானே இருக்கச் சொன்னீங்க. பதிலை வாங்கிட்டுக் கிளம்பினேன். வாசலோட போறதாவது, இருங்க, சாப்பிட்டுப் போகலாம்னீங்க. சாப்பிட்டு எழுந்தா, இப்ப என்ன அவசரம்னீங்க. யோசிச்சுப் பார்த்தேன். அவசரம் ஒண்ணும் இல்லை."

மற்ற ஐந்தும் தங்களுக்கும் அப்படியே சொல்லப்பட்டதாகக் கூறின.

கோமளவல்லி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிழை பதிலில் இல்லை, உபசாரத்தில். இங்கே அதை எல்லோரிடமும் சொல்வோம், யாரும் தங்குவதில்லை என்று பக்குவமாக விளக்கினாள். கேள்விகள் கோபித்துக்கொள்ளவில்லை. தங்கள் கதையும் அதுதான், எல்லோரிடமும் கேட்பது, யாரும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை என்றது மூத்தது. மற்ற கேள்விகள் வாங்கிப் போகும் பதில்களை முதல்வர் அம்மா வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக வைத்துவிட்டு வருமாம். அவர் அந்தப் பக்கம் வருவதே இல்லையாம்.

பைகளை எடுத்துக்கொண்டன. தையல் மிஷினிலிருந்து இறங்கிய கடைக்குட்டி, புதிதாகக் கற்ற தமிழைப் பழகிப்பார்க்க, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்றது.

"நல்லாயில்லை," என்றாள் கோமளவல்லி. "அவர் போனதிலேருந்து நல்லாயில்லை."

ஆறும் பைகளைக் கீழே வைத்தன. அவள் பேசினாள். ரசம் ஆறும்வரை பேசினாள். யாரும் இடையில் "ஓ" என்றுகூடச் சொல்லவில்லை. முடித்ததும் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "வர்றோம்" என்று முறையாகச் சொல்லிப் படியிறங்கின. கட்டில் வெயிலில் அகலமாகத் தெரிந்தது.

அப்போது, தணிகாசலத்திடம் தினமும் அவள் கேட்டுவந்த "சாப்பிட்டாச்சா?" கிரைண்டருக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து செருப்பை மாட்டியது. இவர்களோடு போய் இவர்களுடைய இங்கிலீஷ் சீமையைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னது. அங்கே குளிருமே என்று கோமளவல்லி அதற்கு ஸ்வெட்டரைப் போட்டு, கழுத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டாள்.