கடைசிக் காம்பராவும் கூரையில்லாத காரும்

அந்தக் கார் என் வாசலுக்கு வந்த அன்று நான் அதைத் திட்டத்தான் செய்தேன். துருவும் தகரமுமாக, இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு சாமான். தலைக்கு மேல் கூரை கிடையாது. மெயின் ரோட்டில் லொறியிலிருந்து இறக்கி, லயத்து ஆம்பிளைகள் எல்லாரும் பின்னால் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு, சரிவில் மெல்ல மெல்ல உருட்டி வந்தார்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒற்றை அறை வீடுகளில், கடைசிக் காம்பரா எங்களுடையது. அதன் முன்னால் மட்டும்தான் அப்படி ஒன்றை நிறுத்த இடம் இருந்தது. மழை பெய்தால் இதை ஓட்டுகிறவர் ஒரு கையில் குடை பிடிப்பாரா என்று பக்கத்துக் காம்பரா அலோசியஸ் அண்ணன் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் மேர்வின் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த நாளில்கூட அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

கார் ரத்நாயக்க மாத்தயாவுடையது. நுவரெலியாவில் சின்னதாக ஒரு விடுதி நடத்துகிறவர். மேர்வின் அக்கரப்பத்தனை டவுனில் ஒரு பட்டறையில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரிலும் வெல்டிங் வைத்து ஒட்டுகிற வேலை பார்க்கிறார். அந்த விடுதிக்குக் கேட் மாட்டப் போனபோது, மாத்தயாவின் அப்பா காலத்துக் கார் ஒன்று கொட்டிலில் கிடக்கிறது என்று பேச்சு வந்திருக்கிறது. ஏப்ரல் சீசனுக்கு முன் அதைச் சரிசெய்து தந்தால், விடுதிக்கு வருகிறவர்களை அதில் ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டும் வேலை மேர்வினுக்கு. விடுதியின் பின்னால், கராஜுக்கு மேலே இருக்கும் அறை எங்களுக்கு.

அந்த அறையை நான் ஒருதரம் போய்ப் பார்த்தேன். பெரிய இடம் ஒன்றும் இல்லை. ஆனால் நாலு சுவரையும் கையால் தடவிப் பார்த்தேன், எங்கும் வெடிப்பு இல்லை. எங்கள் காம்பராவின் பின்சுவரில் என் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. பலத்த மழை வந்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு ஸ்கூல் கட்டடத்துக்கு ஓடுவோம், வெயில் வந்ததும் திரும்பி வருவோம். தோட்டத்துக் கந்தோரில் துரைமாரைக் கேட்டால் புது வீடு வருகிறது என்பார்கள். அது வந்துகொண்டே இருக்கிறது. வலப்பனைப் பக்கம் மண் சரிந்த செய்தியைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை. எனக்குக் காரும் வேண்டாம், சீசனும் வேண்டாம். வெடிப்பில்லாத ஒரு சுவருக்குப் பக்கத்தில் என் மகளைப் படுக்கவைக்க வேண்டும். அந்த ஆசைக்காகத்தான் அந்தச் சனியனை வாசலில் பொறுத்துக்கொண்டேன்.

காருக்கு இருந்த வியாதியை மேர்வின் எனக்கு ஒரு சப்பாத்துப் பெட்டியை வைத்துக் காட்டினார். மூடி போட்ட பெட்டியை முறுக்கினால் முறுகாது. மூடியைக் கழற்றிவிட்டு முறுக்கினால் எப்படி வேண்டுமானாலும் வளையும். கூரையுள்ள காருக்குக் கூரையும் எலும்பு. கூரையில்லாத காருக்கு அடிச்சட்டமும், இரண்டு பக்கக் கதவுக்கும் கீழே நீளமாக ஓடுகிற இரும்புப் பெட்டியும்தான் எலும்பு. இதிலே அந்தப் பெட்டி இரண்டும் உளுத்துப்போய் இருந்தன. முன்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினால் கதவு இறுகிவிடும், இறக்கினால் தானாகத் திறந்துகொள்ளும். வளைவில் போகும்போது கார் பாம்பு மாதிரி நெளியும் என்றார். நுவரெலியா ரோட்டில் வளைவைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

அதனால் உளுத்த பெட்டிகளை வெட்டி எறிந்துவிட்டுத் தடித்த தகட்டில் புதிது ஒட்ட வேண்டும். அடியில் குறுக்கும் மறுக்குமாக இரண்டு குழாய், சீட்டுக்குப் பின்னால் ஒரு சட்டம். போனில் வெள்ளைக்காரர்கள் செய்து காட்டுவதைப் பார்த்துப் பார்த்துப் படித்தார். வெட்டுவதற்கு முன் காரை மட்டமாக நிறுத்த வேண்டும் என்பதுதான் முதல் பாடம். வெட்டியபின் காருக்கு எலும்பு இல்லை, எப்படி நிற்கிறதோ அப்படியே ஒட்டிக்கொள்ளும். மேர்வின் நாலு இரும்புக் கால்களை ஒரே உயரத்தில் அறுத்து, வாசலில் போட்டிருந்த சிமெந்துத் தரையில் வைத்து, காரை அதன்மேல் இறக்கினார். தரையை ஒருதரம் மட்டம் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன்.

"இது நான் போட்ட தரை. எனக்குத் தெரியாதா?" என்றார்.

உண்மைதான், நாங்கள் கல்யாணம் முடித்த வருஷம் அவரே போட்டது. அன்றைக்கு நீர்மட்டத்தில் குமிழி நடுவில் நின்றதை நானும் பார்த்தேன். கார் நாலு காலிலும் பதிந்து உட்கார்ந்தது, ஒரு காலும் ஆடவில்லை. அதை அவர் நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டார். பிறகு கதவு வாசல்களுக்குக் குறுக்கே கம்பி ஒட்டி இறுக்கிவிட்டு, வெட்டத் தொடங்கினார்.

எங்கள் லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. மழைக்காலம் வந்தால் கதவு இறுகும். உடனே சீவுளியை எடுத்துக் கதவின் அடியைச் சீவுவோம். கட்டில் ஆடினால் காலுக்கு மரத்துண்டு வைப்போம். அலோசியஸ் அண்ணன் வீட்டுக் கதவைச் சீவிச் சீவி, ஒரு மூலை மறு மூலையைவிடக் குட்டையாகிவிட்டது. மரம் ஈரத்தில் ஊதிவிட்டது என்று சொல்லிக்கொள்வோம். வீடு சாய்கிறது என்று ஒருவரும் வாய் திறந்து சொன்னதில்லை. சொன்னால் அடுத்ததாக, எங்கே போவது என்று கேட்க வேண்டி வரும்.

பெப்ரவரி, மார்ச் முழுக்க மேர்வின் பட்டறை விட்டு வந்ததும் காருக்கு அடியில் போய்விடுவார். நான் டோர்ச் பிடித்தேன், தகடு பிடித்தேன், திட்டினேன். மகளைக் காரில் உட்காரவைத்து ஸ்டியரிங்கைத் திருப்பவிட்டால்தான் அவள் சாப்பிட்டாள். வேலை முடிந்த அன்று அவர் என்னைக் கூப்பிட்டுக் காரின் மூலையில் ஏறி நிற்கச் சொன்னார்.

"இப்ப ஆடுதா பாரு, ஷாமி" என்றார்.

கல் மாதிரி நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கே சாக்குகளை எடுத்துப் பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினேன்.

குறுக்குக் கம்பிகளை வெட்டியபின் கதவுகளை மாட்டினார். ஒன்று மேலே முட்டியது, மற்றது கீழே முட்டியது. பிசாசுக் கதவு, பழசு, வளைந்திருக்கும் என்று சொல்லிக் கிரைண்டரை எடுத்து இரண்டின் ஓரத்தையும் தேய்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அது கொஞ்சமும் வித்தியாசமாகப் படவில்லை.

ஒப்படைக்கிற நாளில் காரைத் தள்ளி ஏற்றி, ஸ்கூல் முன்னால் இருக்கும் ரோட்டில் நிறுத்தினார்கள். புதிதாகத் தார் போட்ட சமமான இடம். மாத்தயா வந்து இறங்கினார். கார் ஒரு மூலையைத் தூக்கிக்கொண்டு, எதிர்மூலையைத் தாழ்த்திக்கொண்டு, காலில் முள் தைத்த நாய் மாதிரி நின்றது. மேர்வின் டயரில் காற்றைப் பார்த்தார். ஸ்பிரிங்கைப் பார்த்தார். இரண்டு சக்கரங்களை மாற்றிப் போட்டார். அது அப்படியேதான் நின்றது. மாத்தயா குனிந்து முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் பார்த்தார். சத்தம் போடவில்லை. பரவாயில்லை என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, காரை ஏற்றிப்போக லொறிக்குப் போன் பண்ணினார். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மேர்வின் மேசன் வேலைக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் தண்ணீர் நிரப்பினார்; அதன் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். ஒரு முனையை என்னிடம் தந்து வாசலின் ஒரு மூலையில் பிடிக்கச் சொல்லி, மறு முனையை எதிர்மூலைக்குக் கொண்டுபோனார். ஒவ்வொரு மூலையாகப் பார்த்ததில், பள்ளத்துப் பக்கம் இருந்த மூலை மட்டும் நாலு விரல் இறங்கியிருந்தது. கண்ணில் படுகிற மாதிரி எங்கும் வெடிக்காமல், தரை அப்படியே முறுகிப் போயிருந்தது. அவர் குழாயை எங்கள் காம்பராவின் அத்திவாரத்துக்கு நகர்த்தினார். பிறகு அலோசியஸ் அண்ணனின் காம்பராவுக்கு. அங்கேயும் தண்ணீர் அதையேதான் சொன்னது. மேலே போகப் போகக் குறைந்தது, கடைசிக் காம்பராவான எங்களுடையதில்தான் அதிகம்.

"நான் கோணலா ஒட்டலை, ஷாமி" என்றார். "நம்ம வீடு எப்படி நிக்குதோ அப்படியே ஒட்டியிருக்கேன்."

திரும்ப வெட்டி ஒட்டலாமே என்று கேட்டேன். பழைய தகடு இன்னொரு வெட்டைத் தாங்காது என்றார். குழாயைச் சுருட்டிக்கொண்டே, தாங்கினாலும் எங்கே வைத்து வெட்டுவது, இந்த லயத்தில் மட்டமான தரை எது என்று என்னையே கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. இத்தனை நாளும் வெடிப்பைப் பார்த்துப் பயந்தேன். காலுக்குக் கீழே தரை போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. தெரியாதா, தெரிந்துகொள்ள விருப்பமில்லையா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

மறுநாள் அவர் கந்தோருக்குப் போய் வந்தார். மழை வந்தால் ஸ்கூலுக்குப் போங்கள் என்றார்களாம். அது எங்களுக்குத் தெரிந்ததுதான். சீசன் தொடங்கியது. மாத்தயா ஒரு வேன் வாங்கி, அதை ஓட்ட ஆளும் வைத்துவிட்டார், அந்த ஆள் குடும்பத்தோடு கராஜ் அறையில் இருக்கிறார் என்று பட்டறைக்கு வந்த ஒருவர் சொன்னார். சாக்கில் கட்டிய பாத்திரங்களை நான் ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன்.

ஏப்ரல் மாதத்துப் பின்னேர மழை இடியோடு வந்தது. ஸ்கூலுக்கு ஓட வேண்டிய அளவு மழை இல்லை. ஆனால் சாரல் உள்ளே அடித்தது, மகள் காய்ச்சலோடு பாயில் கிடந்தாள். கதவைச் சாத்தப் போனேன். அது பாதியில் நின்றது. தள்ளினேன், தோளால் இடித்தேன். மேர்வின் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். கதவின் அடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கை நீளவில்லை.

பிள்ளை நனைந்துகொண்டிருந்தாள். நானே போய்ச் சீவுளியை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.